சும்மா நடக்கிறவர்களும் விளம்பரக்காரர்களும்

உடம்பை அசைத்தால் நல்லது என்று தெரியாத ஒரு தமிழரை கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் நான் இன்னும் சந்திக்கவில்லை. நான் வேலை செய்வது ஒரு பார்மசியில். சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் குளிசை வாங்க வரும் மாமிமாரும் மாமாமாரும் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்று எனக்கே வகுப்பு எடுப்பார்கள். சீனி எத்தனையில் நிற்கிறது, கொழுப்பு எத்தனை, அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் எது இறங்கும், எல்லாம் விரல் நுனியில். பிறகு மருந்துப் பையை வாங்கிக்கொண்டு, இரண்டு தரிப்பிடம் தள்ளியிருக்கும் வீட்டுக்கு பஸ் ஏறுவார்கள்.

இது ஈஸ்ட்ஹாம் கதை மட்டும் இல்லை. வயது வந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வேகநடை, சைக்கிள், தோட்டவேலை, எதுவென்றாலும் சரி. 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி உலகத்தில் 31 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடவில்லை. இந்தியாவில் ஏறக்குறையப் பாதிப் பேர். பெண்களை மட்டும் எடுத்தால் 57 சதவீதம். இத்தனை பேருக்கும் உடற்பயிற்சி நல்லது என்று எவரும் சொல்லாமலா விட்டார்கள்?

வேலை முடிந்ததும் சப்பாத்தை மாற்றிக்கொண்டு ஹை ஸ்ட்ரீட் நோர்த் வழியாக நடந்தே வீட்டுக்குப் போகத் தொடங்கிய காலத்தில், மரக்கறிக் கடை வாசலில் ஒரு மாமி என்னை மறித்தார்.

"என்ன பிள்ளை, நடந்து போறீர்? சீனியோ?"

"இல்லை மாமி, சும்மாதான்."

"சும்மாவோ?" மாமிக்கு நம்பிக்கை வரவில்லை. குரலைத் தாழ்த்தி, "டொக்டர் சொன்னவரோ?" என்றார்.

அடுத்த கிழமை கோயிலில் அம்மாவிடம் யாரோ வந்து, "மகளுக்குச் சுகமில்லையாம், கேள்விப்பட்டன்" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஓய்வுபெற்ற ஒரு மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றினால் அது ஒரு மரியாதையான காரியம். அதையே மாமி செய்தால் வருத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சமையல் வேலை இல்லாதிருக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் இந்த வயதில் மெலிந்து என்ன செய்யப் போகிறா என்ற கேள்வி. கல்யாணம் கட்டாத பெண் என்றால் பதில் ஏற்கனவே தயார்: மாப்பிள்ளை பார்க்கிறார்கள்போல.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த நாட்டு அரசாங்கம் செய்த விளம்பரங்களை நான் பார்த்து வந்திருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக அவை எங்கள் பார்மசிக் கண்ணாடியிலும் மேசையிலும்தான் வந்து இறங்குகின்றன. ஒட்டுவதும் கிழிப்பதும் என் வேலை.

முதலில் 2009 ஜனவரியில் 'சேஞ்ச் ஃபோர் லைஃப்' வந்தது. பிரிஸ்டலில் இருக்கும் ஆர்ட்மன் நிறுவனம் களிமண்ணில் செய்த மஞ்சள், நீல, ஒரேஞ்ச் நிற மனிதர்கள். முகம் கிடையாது, வெறும் உருண்டை உடம்பு. நன்றாகச் சாப்பிடுங்கள், கூடுதலாக அசையுங்கள், நீண்டகாலம் வாழுங்கள் என்பது செய்தி. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. மெல்லிய, அழகான ஆட்களை எங்கும் காட்டாதது கெட்டித்தனம். ஆனால் இனிப்புப் பானமும் சீனி போட்ட சீரியலும் விற்கிற பெப்சிகோவையும் கெலொக்ஸையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டதற்கு அப்போதே ஏச்சு விழுந்தது, விழ வேண்டியதுதான். அதே வருடம் பத்திரிகையில் வந்த ஒரு படம் இன்னும் ஞாபகம்: வீடியோ கேம் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்தபடி சோர்ந்துபோய் இருக்கும் ஒரு பையன், சும்மா இருந்தால் சீக்கிரம் சாவாய் என்கிற மாதிரி ஒரு வாசகம். கேம் கம்பனிக்காரர்கள் கொதித்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய அனுதாபம் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து எந்தப் பிள்ளை எழும்பி ஓடியிருக்கும்? பயப்படுகிற ஆள் முதலில் தேடுவது இருக்கையைத்தான்.

பிறகு 2015 ஜனவரியில், விளையாட்டை வளர்ப்பதற்கான அரசு அமைப்பான ஸ்போர்ட் இங்கிலண்ட் 'திஸ் கேர்ள் கான்' (இந்தப் பெண்ணால் முடியும்) என்று ஒன்றைத் தொலைக்காட்சியில் விட்டது. இதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஒன்றரை நிமிட விளம்பரம். ஒரு பெண் நீச்சல் உடையின் பின்பக்கத்தை விரலால் இழுத்துச் சரிசெய்துகொண்டு குளத்துக்குப் போகிறாள். உலகத்தில் எல்லாப் பெண்களும் செய்கிற, எந்த விளம்பரமும் காட்டாத ஒரு சின்னக் காரியம். அப்புறம் ஆட்டம், ஓட்டம், குத்துச்சண்டை, சைக்கிள். தொடை குலுங்குகிறது. முகம் சிவந்து வியர்வை வழிகிறது. நடிகைகள் ஒருவரும் இல்லை. வீதியிலும் விளையாட்டு மைதானத்திலும் தேடிப் பிடித்த சாதாரணப் பெண்கள். எஃப்சிபி இன்ஃபெர்னோ என்ற விளம்பர நிறுவனம் செய்தது, இயக்கியவர் கிம் கேரிக். 'நான் பந்தை உதைப்பேன், அதுக்கு இப்ப என்ன?' என்கிற தொனியில் திரையில் எழுத்துகள் ஓடும். இதயநோய், சர்க்கரை, ஆயுள் என்று ஒரு சொல்கூட வராது.

அதற்குப் பின்னால் இருந்த ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்தில் 14 முதல் 40 வயதுக்குள் ஒழுங்காக விளையாடுகிற பெண்கள் ஆண்களைவிட 20 இலட்சம் பேர் குறைவு. ஆனால் விருப்பமில்லாமல் இல்லை. கேட்ட பெண்களில் 75 சதவீதம் பேர் இன்னும் கூட அசைய வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அப்படியானால் எது மறிக்கிறது என்று துருவியபோது வந்த பதில், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அதை மூன்றாகப் பிரித்தார்கள். என் தோற்றத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள், எனக்குச் சரியாகச் செய்யத் தெரியாது என்று சிரிப்பார்களோ, குடும்பத்தை விட்டுவிட்டு எனக்காக நேரம் எடுக்கிறேன் என்று பேசுவார்களோ.

இதைப் படித்தபோது, வெள்ளைக்காரிக்கும் 'நாலு சனம் என்ன சொல்லும்' இருக்கிறது என்று எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். மூன்றாவது பயம் அப்படியே எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்து எடுத்தது. என் சின்னம்மா ஒருவர் யோகா வகுப்புக்குப் போனார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, மகன்மாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வகுப்பு நாளில் கறி இரண்டு கூடுதலாகச் சமைத்து வைத்துவிட்டுத்தான் சின்னம்மா வெளிக்கிடுவார். அபராதம் கட்டுகிற மாதிரி. கடைசியில் சமைத்த களைப்பில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

தேசிய லொத்தர் பணத்தில் ஏறக்குறைய ஒரு கோடி பவுண்ட் செலவு. ஒரு வருடம் கழித்து, இந்த விளம்பரத்தால் 28 இலட்சம் பெண்கள் கூடுதலாக உடலை அசைத்திருக்கிறார்கள், அதில் 16 இலட்சம் பேர் புதிதாகவோ விட்ட இடத்திலிருந்தோ தொடங்கியவர்கள் என்று ஸ்போர்ட் இங்கிலண்ட் அறிவித்தது. பெரிய எண்தான். ஆனால் அந்தப் பெண்கள் தாங்களாகச் சொன்னதை வைத்துக் கணக்கெடுத்தது அது. யாராவது போன் எடுத்து, அந்த விளம்பரம் பார்த்தீர்களா, பார்த்தபின் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டால் நானும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். படிக்கட்டில் ஏறினதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

விளம்பரத்தால் உண்மையில் ஏதும் நடக்கிறதா என்ற கேள்வி இந்தத் துறையில் பழையது. கனடாவில் 1973இல் பார்ட்டிசிப்ஆக்ஷன் என்ற அமைப்பு பதினைந்து செக்கன் விளம்பரம் ஒன்று போட்டது: முப்பது வயதுக் கனடாக்காரரும் அறுபது வயதுச் சுவீடன்காரரும் உடல் தகுதியில் ஒரே நிலை. ஒரு நாடே அதைப் பற்றிக் கதைத்தது. அந்தத் தலைமுறைக்கு இன்றும் ஞாபகம் இருக்கும். அரசுப் பணம் சுருங்க 2001இல் அமைப்பையே மூடினார்கள், 2007இல் திரும்பத் திறந்தார்கள். அமெரிக்காவில் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2002இலிருந்து 2006 வரை 'வெர்ப்' என்று ஒன்றை நடத்தியது. 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும். 33 கோடி 90 இலட்சம் டொலர். இனிப்பும் சப்பாத்தும் விற்கிற அதே உத்திகளால் விளையாட்டை விற்றார்கள். உடம்புக்கு நல்லது என்ற பேச்சைப் பிள்ளைகளிடம் எடுக்கவே இல்லை. இலட்சக்கணக்கான மஞ்சள் பந்துகளை நாடெங்கும் விட்டார்கள், ஒரு பிள்ளை விளையாடிவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். விளம்பரத்தைக் கூடுதலாகப் பார்த்த பிள்ளைகள் கூடுதலாக விளையாடினார்கள் என்று அளந்தும் காட்டினார்கள். அப்படியிருந்தும் காசு நின்றது, வெர்ப்பும் நின்றது.

இந்த ஆய்வுகளையெல்லாம் குவித்துப் பார்த்த அமெரிக்க நிபுணர் குழு ஒன்று 2010இல் சொன்னது, வெறும் ஊடக விளம்பரம் தனியாக மக்களை அசைய வைக்கிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான். ஆனால் அதே விளம்பரத்தோடு ஊரிலேயே நடைக் குழு, பாதை, வேலைத்தலத்தில் ஏற்பாடு, மருத்துவர் பரிந்துரை என்று சேர்த்துச் செய்தால் பலன் உண்டு என்று வேறொரு பக்கத்தில் பரிந்துரைத்திருக்கிறார்கள். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. எங்கள் கண்ணாடியில் ஒட்டிய எந்தப் படத்தைப் பார்த்தும் ஒருவர் நடக்கத் தொடங்கி நான் காணவில்லை. தமிழில் வரும் துண்டுப்பிரசுரங்களும் அப்படித்தான். எழுத்து தமிழ், படத்தில் தலைக்கவசம் போட்டு மலையில் சைக்கிள் ஓட்டும் வெள்ளைக்காரத் தம்பதி. ஒரு மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆருக்குப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

'திஸ் கேர்ள் கான்' அந்த மாமிக்குப் போய்ச் சேர்ந்ததா? இல்லை. அவர் பார்க்கிற தொலைக்காட்சி வேறு. 40 வயதில் வெட்டிவிட்ட பிரசாரம் அது. 2017இல் 60 வரை நீட்டினார்கள். 2020இல் மாதவிடாயையும் மெனோபாஸையும் வெளிப்படையாகக் காட்டினார்கள், அது நல்ல துணிச்சல். ஆனாலும் இங்கிலாந்தில் மிகக் குறைவாக அசைகிறவர்கள் யார் என்று ஸ்போர்ட் இங்கிலண்ட் எடுக்கிற கணக்கில் தெற்காசியப் பெண்கள் இன்னும் அடியில்தான் நிற்கிறார்கள். இளம் தமிழ்ப் பிள்ளைகளிடம் அது போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம். எங்கள் பார்மசியில் சனிக்கிழமை வேலைக்கு வந்த பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி அந்த விளம்பரத்தைப் போனில் காட்டி, "அக்கா, இதைப் பாருங்கோ, ஒருத்திகூட வயித்தை உள்ளுக்கு இழுக்கேல்லை" என்றாள். அதுதான் அந்த விளம்பரத்துக்குக் கிடைத்த ஆகச் சிறந்த விமர்சனம் என்று நினைக்கிறேன்.

மாமிமாரை வெளியே கொண்டுவந்தது எந்த விளம்பர நிறுவனமும் இல்லை. 2020 மார்ச் 23ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, எல்லாரும் வீட்டில் இருங்கள், ஒரு நாளைக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று சொன்னார். நடை, ஓட்டம், சைக்கிள், தனியாகவோ வீட்டு ஆட்களோடோ. கொரோனாவுக்குப் பயந்து போட்ட கட்டளை அது, அதில் பிரசாரம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த கிழமையே ஈஸ்ட்ஹாம் சென்ட்ரல் பார்க்கில் சீலைக்கு மேல் குளிர்கோட்டும் காலில் சப்பாத்துமாக எங்கட ஆக்கள். வேறு எதற்கும் வெளியே போக முடியாது என்பதால் நடை ஒரு சலுகையாக மாறிவிட்டது. கிடைத்த சலுகையை எங்கட சனம் விடாது. ஜிம்மும் நீச்சல் குளமும் பூட்டியிருந்ததால் மொத்த நாட்டின் உடலசைவு அந்த மாதங்களில் குறையத்தான் செய்தது. ஆனால் நான் பார்த்த அளவில் ஒன்று மாறிவிட்டது: எல்லாரும் நடந்தபடியால், ஏன் நடக்கிறாய் என்று கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

விளம்பரம் ஒன்று செய்யக்கூடிய வேலை இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் நடக்க வேண்டும் என்று விளக்குவதில் ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை. நடப்பது கண்ணுக்குப் பழகிப்போன காரியமாக ஆக வேண்டும், அவ்வளவுதான். வியர்த்து, முகம் சிவந்து, உடுப்புப் பொருந்தாமல் ஓடும் பெண்ணை ஆயிரம் தடவை காட்டினால் ஆயிரத்தோராவது தடவை வீதியில் கண்டாலும் திரும்பிப் பார்க்கத் தோன்றாது. அந்த ஒன்றரை நிமிடம் அதைத்தான் செய்தது. ஆனால் மாமி திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் அந்தத் திரையில் மாமியைப் போல ஒருவர் இருக்க வேண்டும்.

ஊரடங்கு தளர்ந்தபிறகு எங்கள் வானொலி ஒன்றில் காலை நிகழ்ச்சி செய்கிற தம்பி, தன்னை அறியாமலே அதைச் செய்தான். பாட்டுக் கேட்க போன் எடுக்கிறவர்களிடம், "இப்ப எங்க நிக்கிறியள் அக்கா?" என்று கேட்பான். முதலில் எல்லாரும் குசினியில்தான் நின்றார்கள். ஒரு நாள் ஒரு அக்கா மூச்சு வாங்கியபடி, "தம்பி, நான் நடந்துகொண்டு கதைக்கிறன், பொறும்" என்றார். பின்னால் பஸ் போகிற சத்தம். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு எங்கே நடக்கிறீர்கள், பக்கத்தில் யார், மழையா வெயிலா என்று நிகழ்ச்சியில் பாதி அதிலேயே போகும். லண்டனுக்கு வடக்கே ஹரோவில் நடக்கிறவர் தெற்கே மிட்சமில் நடக்கிறவருக்குப் பாட்டுக் கேட்பார். ஆரோக்கியம் பற்றிய மருத்துவர் நிகழ்ச்சி அதே வானொலியில் பின்னேரம் ஒழுங்காக நடந்தது. அதைக் கேட்டுவிட்டு எங்கள் மேசைக்கு வந்து விற்றமின் குளிசைதான் கேட்பார்கள்.

ஈஸ்ட்ஹாமில் அந்த நிகழ்ச்சிக்கு போன் எடுத்தவர்களில் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். ஞாயிறு காலை பூங்கா வாசல். நானும் போவேன். சத்தியமாக அரைவாசி நேரம் ஊர்க்கதைதான், ஆனால் கால் நடக்கிறது. தொடங்கிக் கொஞ்ச நாளில் யார் எத்தனை ஸ்டெப்ஸ் என்று போட்டி வந்தது. பத்தாயிரம் தொடாவிட்டால் ஒரு மாமி இரவில் கூடத்துக்குள் சுற்றுவாராம். அந்தப் பத்தாயிரமே ஒரு விளம்பரம்தான் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். 1965இல் யமாசா என்ற ஜப்பானியக் கம்பனி காலடி எண்ணும் கருவியை விற்க அந்தப் பெயரையே வைத்தது, 'பத்தாயிரம் அடி அளவி' என்று. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் கூட்டாளிகளும் வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் 4,400 அடியிலேயே இறப்பு அபாயம் நன்றாகக் குறையத் தொடங்கி, 7,500 அளவோடு அதற்குமேல் குறையாமல் நின்றுவிட்டது. மாமியிடம் சொன்னேன். "அப்ப மிச்சத்தை நாளைக்குக் கணக்கு வைக்கலாமோ?" என்றார்.

அபிப்பிராயம் கேட்டால் இன்னொன்றும் சொல்வேன். சனிக்கிழமைகளில் பூங்காக்களில் ஐந்து கிலோமீட்டர் ஓடவோ நடக்கவோ சனம் கூடும் பார்க்ரன்னுக்கு இப்படிப் பெரிய தொலைக்காட்சி விளம்பரம் எதுவும் பின்னால் இருக்கவில்லை. 2004இல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கி இன்று பல நாடுகளில் ஓடுகிறது, காசும் கிடையாது. அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, கடைசி ஆளாக வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். நீங்கள் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் உங்களுக்குப் பின்னால் அவர் வருவார். எனக்குத் தெரியாது, சிரிப்பார்கள் என்ற அந்த இரண்டாவது பயத்துக்கு இவ்வளவு மலிவான மருந்தை எந்த விளம்பரமும் தரவில்லை. எங்கள் குழுவில் இரண்டு பேர் போய் வந்து, திரும்பவும் போகிறார்கள்.

பனிக்காலம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வெளிச்சத்தில் நடக்க நேரமே இல்லை, இருட்டில் பூங்காப் பக்கம் போக எவருக்கும் மனம் வராது. 2021இல், லண்டனில் இரவில் வீட்டுக்கு நடந்துபோன சேரா எவரார்ட் என்ற பெண் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பயம் இந்த நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் கூடிவிட்டது. 'திஸ் கேர்ள் கான்'காரர்களும் அதைக் கண்டுகொண்டு, இருட்டுக்குப் பயந்து பெண்கள் பனிக்காலத்தில் தங்கள் பழக்கத்தையே மாற்றிக்கொள்கிறார்கள் என்று பேசத் தொடங்கினார்கள். பேசுவது நல்லது. ஆனால் அங்கே வேண்டியது விளக்குக் கம்பம். அது நகரசபையின் செலவு, விளம்பர பட்ஜெட்டில் வராது.

அதனால் எங்கள் குழு கடந்த இரண்டு பனிக்காலமாக ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் வெஸ்ட்ஃபீல்ட் கடைத்தொகுதிக்குள் நடக்கிறது. வெளிச்சம், சூடு, கழிவறை, மேல்மாடி கீழ்மாடி என்று நல்ல நீளம். ஏறும்போது படி, இறங்கும்போது மட்டும் எஸ்கலேட்டர் என்று ஒரு சட்டமும் போட்டிருக்கிறோம். ஒன்றும் வாங்காமல் சுற்றிச் சுற்றி வருகிற இந்தக் கூட்டத்தைக் காவலாளி ஆரம்பத்தில் ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போது தலையாட்டுகிறார். போன மாதம் மரக்கறிக் கடை வாசலில் என்னை மறித்த அதே மாமி அங்கே இரண்டு சோடி சப்பாத்து வாங்கினார், ஒன்று மழைக்கு, ஒன்று கோயிலுக்குப் போய்வர. "மருமகள் கேட்டா மலிவு விலை எண்டு சொல்லும் பிள்ளை" என்று என்னிடம் பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டார். அது இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது.